நாலு லேசர் டயோடு போன பிறகு தெரிந்துகொண்டது

செத்துப்போன லேசர் டயோடு கருகுவதில்லை, புகைவதில்லை, வாசனைகூட வருவதில்லை. முன்பு போலவே சிவப்பாக எரியும். ஆனால் வெள்ளைத் தாளில் காட்டினால் தண்ணீர் பட்ட குங்குமம் போலப் பரவி நிற்கும். லென்ஸை எப்படித் திருகினாலும் புள்ளியாகக் குவியாது, மின்னோட்டத்தை ஏற்றினாலும் பிரகாசம் அவ்வளவாக ஏறாது. முதல் டயோடு இப்படி ஆனபோது லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க அதைத் திருகிக்கொண்டிருந்தேன். லேசராக இருந்தது வெறும் எல்ஈடியாக மாறிவிட்டது என்று புரிவதற்குள் இரண்டாவதும் போயிருந்தது. மொத்தம் நாலு டயோடு, ஒன்று 90 ரூபாய் வீதம் 360. செத்த டயோடை உள்ளே வைத்து அழுத்திவிட்டதால் கழற்ற முடியாமல் வீணான பித்தளை ஹவுசிங் (டயோடையும் லென்ஸையும் பிடித்துக்கொள்ளும் குழாய்) இரண்டு, 440. ஆக 800 ரூபாயும் மூன்று சனி ஞாயிறும் போயின. பணத்தைவிட, ஏன் போகிறது என்றே தெரியாமல் அடுத்ததை எடுத்து மாட்டும்போது இருந்த பயம்தான் அதிகம் வாட்டியது. நாலும் நாலு விதமாகப் போயின. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

செய்ய நினைத்தது சின்ன வேலை. மொட்டைமாடிக் கதவுக்குக் குறுக்கே ஒரு லேசர்க் கற்றை, எதிர்ப்பக்கம் ஒரு எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்), குறுக்கே ஆள் போனால் பஸர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது 650 நானோமீட்டர், 5 மில்லிவாட், 5.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று கால் டயோடு. கவுண்டரில் கேட்டபோது "எல்ஈடி மாதிரிதான் தம்பி, ஒரு ரெசிஸ்டர் போட்டா போதும்" என்றார்கள். அந்த வார்த்தையில் பாதி உண்மை. எல்ஈடி போலவே இதுவும் ஒரு பக்கம்தான் மின்சாரம் கடத்தும், சுமார் 2.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் எங்கே என்றால், லேசர் டயோடின் படிகத்தின் இரண்டு முனைகளும் கண்ணாடி போல வேலை செய்கின்றன. ஒளி அவற்றுக்கு நடுவே போய்த் திரும்பிப் பெருகி, சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள முகத்தின் வழியாக வெளியே வருகிறது. அளவுக்கு மேல் ஒளி கிளம்பினால் அந்த முகமே ஒளியை உறிஞ்சிச் சூடாகி உருகிவிடும். அதற்கு ஒரு நொடி தேவையில்லை, மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரமே போதும். எல்ஈடியில் உருகுவதற்கு அப்படி ஒரு கண்ணாடி இல்லை. அதனால்தான் அது நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது.

முதல் டயோடு பிரீசெட்டால், அதாவது திருகித் தடையை மாற்றும் குட்டி ரெசிஸ்டரால் போனது. 5 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர், 1 கிலோ ஓம் பிரீசெட், டயோடு, அவ்வளவுதான் சர்க்யூட். மெதுவாகத் திருகி வெளிச்சம் போதுமானதும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது திட்டம். கணக்கைப் பாருங்கள்: டயோடுக்கு 2.2 வோல்ட் போக மீதி 2.8. பிரீசெட் 100 ஓமில் இருந்தால் 28 மில்லிஆம்ப், 50 ஓமில் இருந்தால் 56. ஒற்றைச் சுற்று பிரீசெட்டில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 14 டிகிரிகூட இல்லை, ஸ்குரூ டிரைவர் லேசாக அசைந்தால் தாண்டிவிடும். என்னிடம் இருந்த ரகத்துக்கு டேட்டாஷீட் சொன்னது: 20 மில்லிஆம்பில் லேசர் தொடங்கும், 30-ல் 5 மில்லிவாட் வரும். அதாவது தொடங்கிய பிறகு ஒவ்வொரு மில்லிஆம்புக்கும் அரை மில்லிவாட் கூடுகிறது. 56-க்குப் போனால் 18 மில்லிவாட். 5 மில்லிவாட்டுக்குச் செய்த முகம் அதைத் தாங்காது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்றால் பிரீசெட்டோடு தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் நிலையாக இருக்கட்டும். பிரீசெட்டைக் கடைசிவரை திருகினாலும் 28 மில்லிஆம்பைத் தாண்டாது, சார்ஜர் 5.25 வோல்ட் கொடுத்தாலும் 31-க்குள் நிற்கும். பிரீசெட்டை அதிக ஓம் பக்கம் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

அடுத்து ஒழுங்காகச் செய்வோம் என்று எல்எம்317 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஐசியை வாங்கி நிலையான மின்னோட்ட சர்க்யூட் கட்டினேன். இது நல்ல சர்க்யூட், இன்றைக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். எழுத்து தெரியும் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, அதன் கால்கள் இடமிருந்து வலமாக அட்ஜஸ்ட், அவுட், இன். அவுட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். வெளியே போகும் மின்னோட்டத்தை அட்ஜஸ்ட் காலில் இருந்து எடுக்க வேண்டும். அந்த ரெசிஸ்டரின் மேல் எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி ஐசி பார்த்துக்கொள்ளும், ஆகவே 1.25-ஐ ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் மின்னோட்டம். 56 ஓம் போட்டால் 22 மில்லிஆம்ப், 47 போட்டால் 26.6, 43 போட்டால் 29, 39 போட்டால் 32. ஐசியின் பின்பக்க உலோகத் தகடு அவுட்டோடு இணைந்தது, அது வேறெதிலும் படக் கூடாது. இதை 5 வோல்ட்டில் ஓட்டப் பார்க்காதீர்கள். டயோடுக்கு 2.2, ரெசிஸ்டருக்கு 1.25, ஐசி தன் வேலைக்குக் கேட்பது சுமார் 2, மொத்தம் ஐந்தரை ஆகிவிடுகிறது. 9 வோல்ட் அடாப்டர் சரியாக இருக்கும். அதில் ஐசி வீணாக்குவது கால் வாட்டுக்கும் குறைவு, ஹீட் சிங்க் வேண்டாம்.

சர்க்யூட் சரியாக இருந்தும் இரண்டாவது டயோடு தொட்ட கணத்தில் போனது. வெளியீட்டில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று, 100 மைக்ரோஃபாரட், வைத்திருந்தேன். முதலில் அடாப்டரைப் போட்டேன், பிறகு குரொகடைல் கிளிப்பை டயோடின் காலில் கடித்தேன். ஒரு சிவப்பு மின்னல், அப்புறம் அந்த மங்கல். நடந்தது இதுதான்: டயோடு இல்லாதபோது எல்எம்317 தன் மின்னோட்டத்தைத் தள்ள வழி தேடி வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய், கெப்பாசிட்டரைக் கிட்டத்தட்ட 8 வோல்ட்டுக்கு நிரப்பிவிட்டது. கிளிப் பட்டதும் அந்தச் சரக்கு முழுவதும் டயோடு வழியாக இறங்கியது. இடையில் இருப்பது ஒயரின் தடையும் டயோடின் சொந்தத் தடையும், சில ஓம்தான். 30 மில்லிஆம்புக்குச் செய்த பொருள் சில ஆம்பியரைப் பார்த்தது. எல்எம்317 இங்கே எதையும் தடுக்க முடியாது, ஏனென்றால் கெப்பாசிட்டர் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மேஜை பவர் சப்ளையில் கரண்ட் லிமிட் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, அதன் வெளியீட்டிலும் பெரிய கெப்பாசிட்டர் உள்ளே இருக்கிறது. ஆகவே இணைக்கும்போதும் கழற்றும்போதும் மின்சாரம் இருக்கவே கூடாது. அடாப்டரைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரால் சில நொடிகள் தொட்டு வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, அதன் பிறகுதான் டயோடு.

இதைக் கடைப்பிடித்தும் மூன்றாவது போனது. அதுதான் மனசை மிகவும் உடைத்தது, ஏனென்றால் நான்கு மணி நேரம் அருமையாக எரிந்தது. சால்டர் இல்லாமல் ஓட்டைகளில் செருகி இணைக்கும் பிரெட்போர்டில் இருந்தது. மேஜையில் டம்ளர் வைத்த அதிர்வில் ஒரு சிமிட்டல், அவ்வளவுதான். இந்த டயோடின் கால் 0.45 மில்லிமீட்டர் தடிமன், பிரெட்போர்டு ஓட்டையில் தளர்வாகத்தான் உட்காரும். கால் விட்ட அந்த இமைப்பொழுதில் வோல்டேஜ் ஏறி கெப்பாசிட்டர் நிறைந்தது, கால் மறுபடி பட்டதும் இரண்டாவது டயோடுக்கு நடந்ததே நடந்தது. லேசர் டயோடை பிரெட்போர்டில் வைக்காதீர்கள். மற்ற எல்லாம் பிரெட்போர்டில் இருக்கலாம், டயோடுக்குப் போகும் இரண்டு ஒயரும் சால்டர் செய்திருக்க வேண்டும். கெப்பாசிட்டரை ஐசி பக்கத்தில் வைக்காமல் டயோடின் காலிலேயே சால்டர் செய்யுங்கள், 10 மைக்ரோஃபாரட் போதும். அப்படிச் செய்தால் எந்த இணைப்பு விட்டாலும் அது கெப்பாசிட்டருக்கு முன்னால்தான் விடும், கெப்பாசிட்டர் டயோடின் 2.2 வோல்ட்டிலேயே நிற்கும், மறுபடி பட்டால் வரும் அதிர்ச்சியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஒரே உறுப்பு, ஒரு அங்குலம் இந்தப் பக்கம் இருந்தால் கொல்கிறது, அந்தப் பக்கம் இருந்தால் காக்கிறது. கூடவே 1என்4148 என்ற சாதாரணக் குட்டி டயோடு ஒன்றை லேசருக்குக் குறுக்கே, தலைகீழாகப் போடுங்கள். சாதாரண எல்ஈடி 5 வோல்ட் வரை தலைகீழ் வோல்டேஜைத் தாங்கும், லேசர் டயோடுகளுக்குப் பெரும்பாலும் 2 வோல்ட்தான் எல்லை. அடாப்டர் முனையை மாற்றிச் செருகிய ஒரு தவறு போதும்.

நாலாவது சர்க்யூட்டுக்கே போகவில்லை. மீட்டரில் சோதித்தபோது நன்றாக இருந்தது, சால்டர் செய்து முடித்துப் பார்த்தால் செத்திருந்தது. என்னிடம் இருந்தது இரண்டு பின் பிளக் உள்ள 25 வாட் அயர்ன். சந்தேகப்பட்டு அதன் நுனிக்கும் பிளக் பாயிண்டின் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தபோது 90-க்கு மேல் காட்டியது. கசிவு மின்சாரம்தான், கைக்குத் தெரியாது, ஆனால் இந்த டயோடுக்கு அதுவே அதிகம். எர்த் உள்ள மூன்று பின் அயர்ன் நல்லது. அது இல்லையென்றால், அயர்ன் நன்றாகச் சூடானதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சச் சூட்டில் சால்டர் செய்யுங்கள். ஒரு காலுக்கு 3 நொடிக்கு மேல் வேண்டாம், டயோடின் உலோக டப்பாவிலிருந்து 2 மில்லிமீட்டராவது தள்ளி வையுங்கள். இன்னொரு சின்ன வேலை, இதைத் தவறாமல் செய்யுங்கள்: பிளாஸ்டிக் ஒயரை உரித்து உள்ளிருக்கும் தலைமயிர் போன்ற செம்பு இழை ஒன்றை எடுத்து, டயோடின் மூன்று கால்களையும் டப்பாவை ஒட்டிச் சேர்த்து நாலு சுற்று சுற்றிவிடுங்கள். மூன்று காலும் ஒன்றாக இருக்கும்வரை நம் கையின் நிலைமின்சாரமோ அயர்னின் கசிவோ டயோடு வழியாகப் பாயாது. கெப்பாசிட்டர், 1என்4148, ஒயர் எல்லாம் சால்டர் ஆன பிறகு, கடைசியில் அந்த இழையை இடுக்கியால் உருவி எடுத்தால் போதும். கடையில் தெர்மோகோலில் குத்தியோ சாதா பிளாஸ்டிக் கவரில் போட்டோ கொடுத்தால் அங்கேயே சொல்லி அலுமினியத் தாளில் சுற்றி வாங்குங்கள்.

எந்தக் கால் எது என்பதற்குப் படத்தை மட்டும் நம்ப முடியாது. மூன்று காலில் ஒன்று லேசருக்கு, ஒன்று உள்ளேயே இருக்கும் ஒளி அளக்கும் ஃபோட்டோடயோடுக்கு, ஒன்று இரண்டுக்கும் பொது. பொதுக் கால் சில ரகங்களில் பாசிட்டிவ், சிலவற்றில் நெகட்டிவ். டிஜிட்டல் மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து இரண்டு இரண்டு காலாக, இரு திசையிலும் தொடுங்கள். 0.6, 0.7 என்று காட்டினால் அது ஃபோட்டோடயோடு. 2 வோல்ட்டை ஒட்டிக் காட்டி, நிழலில் பார்த்தால் மிக மெலிதாகச் சிவந்தால் அதுதான் லேசர். தாளின் மேல் பிடித்துப் பாருங்கள், டயோடின் கண்ணாடி ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். முள் மீட்டரின் ஒரு ஓம் ரேஞ்சில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், சில முள் மீட்டர்கள் அந்த ரேஞ்சில் 100 மில்லிஆம்புக்கு மேல் தள்ளும். நம் வேலைக்கு ஃபோட்டோடயோடு கால் தேவையில்லை, எங்கும் இணைக்காமல் விட்டுவிடலாம்.

ஐந்தாவது டயோடை எடுப்பதற்கு முன் முதல் முறையாக டம்மி லோடு, அதாவது சோதனைக்கு லேசரின் இடத்தில் வைக்கும் போலிச் சுமை செய்தேன். முதல் நாளே செய்திருந்தால் 800 ரூபாயில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். மூன்று 1என்4007 டயோடைத் தொடராகச் சால்டர் செய்தால் 30 மில்லிஆம்பில் சுமார் 2.1 வோல்ட் எடுக்கும், லேசர் எடுப்பதும் ஏறக்குறைய அதேதான். அதோடு தொடராக ஒரு 10 ஓம் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரின் மேல் 0.27 வோல்ட் இருந்தால் 27 மில்லிஆம்ப் ஓடுகிறது. லேசர் இருக்க வேண்டிய இடத்தில் இதை வைத்து சுவிட்சைப் பத்துப் பதினைந்து முறை போட்டு அணைத்து, அரைமணி நேரம் ஓடவிட்டு, அளவு நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் லேசர் டயோடுக்கு வந்தேன். அந்த 10 ஓமை எடுத்துவிடாமல் லேசரோடும் தொடராகவே விட்டுவிட்டேன். ஓடுகிற லேசரின் மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டரைத் தொடரில் நுழைக்கவே வேண்டாம், புரோப் வழுக்கினால் இணைப்பு விட்டுப் பட்ட கதைதான். ரெசிஸ்டரின் இரண்டு பக்கமும் வோல்ட் பார்த்தால் எதையும் கழற்றாமல் கணக்கு கிடைத்துவிடும்.

லேசர் தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், மீட்டரைவிட அது தெளிவாகச் சொல்லும். 82 ஓம் போட்டு 15 மில்லிஆம்பில் தாளில் விழுவது சாதாரணச் சிவப்பு, மழமழவென்று இருக்கும். 56 ஓமுக்கு மாற்றி 22-க்குப் போனதும் அதே வெளிச்சத்துக்குள் உப்புத்தூள் தூவியது போலப் பொடிப்பொடியாக மின்னத் தொடங்கும், தலையை அசைத்தால் அந்தப் பொடிகள் ஊரும். அது வந்துவிட்டால் டயோடு உயிரோடு இருக்கிறது. அங்கிருந்து ஒரு படி மட்டும் மேலே போய் 47 ஓமில் நிறுத்தினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடாப்டரைக் கழற்றிக் கெப்பாசிட்டரை வடித்துவிட்டுத்தான் ரெசிஸ்டரைத் தொட்டேன். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் வெளிச்சம் நீண்ட முட்டை வடிவில் விரியும். ஒரு பக்கம் பத்து டிகிரிக்குக் குறைவாகவும் மறுபக்கம் முப்பதை ஒட்டியும் விரிவது இதன் இயல்பு, கெட்டுப்போன அடையாளம் என்று பயப்பட வேண்டாம். முட்டைக்குள் பொடி மின்னுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஹவுசிங்கில் அழுத்துவதையும் இந்தச் சோதனை முடிந்த பிறகு செய்யுங்கள். நான் முதலிலேயே அழுத்தியதால்தான் இரண்டு ஹவுசிங் போயிற்று.

சூடும் கணக்கில் வர வேண்டும். 1962-ல் முதல் லேசர் டயோடு திரவ நைட்ரஜன் குளிரில் துடிப்புத் துடிப்பாகத்தான் எரிந்தது, அறை வெப்பநிலையில் தொடர்ந்து எரிய 1970 ஆனது. வெப்பம் கூடக் கூட லேசர் தொடங்கும் மின்னோட்டமும் மேலே போகிறது என்பதே அதற்குப் பெரிய காரணம். மே மாத மதியத்தில் மொட்டைமாடிக் கதவருகே 40 டிகிரியைத் தாண்டும்போது என் டயோடு தெளிவாக மங்கியது. அப்போது மின்னோட்டத்தை ஏற்றக் கை பரபரக்கும், ஏற்றாதீர்கள். மதியம் சரியாக இருக்கும்படி ஏற்றியது விடியற்காலைக் குளிரில் அதிகமாகிவிடும். ஹவுசிங்கை ஒரு அலுமினியத் துண்டில் இறுக்கி நிழலில் வைத்தேன், அது போதுமாக இருந்தது. பித்தளை உடல் பல ரகங்களில் டயோடின் ஒரு காலோடு இணைந்திருக்கும், அலுமினியம் வேறு எதிலாவது பட்டால் ஷார்ட் ஆகும். மீட்டரில் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

இவ்வளவும் வேண்டாம், கற்றை மட்டும் வந்தால் போதும் என்பவர்கள் உள்ளேயே ரெசிஸ்டரும் லென்ஸும் உள்ள 5 வோல்ட் சிவப்பு மாட்யூலை வாங்குங்கள். முதல் புராஜெக்ட்டுக்கு அதுவே சரி என்பது என் முடிவு. அதில் உள்ள குட்டி ரெசிஸ்டரில் 910 என்று எழுதியிருந்தால் அது 910 ஓம் இல்லை, 91 ஓம். கடைசி எண் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்கிறது. அந்த 91 ஓம் 5 வோல்ட்டுக்குத்தான் கணக்கு, 9 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் 75 மில்லிஆம்ப் பாயும். ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் காலில் இருந்து நேராக ஓட்டவும் வேண்டாம், ஒரு கால் 20 மில்லிஆம்பில் நின்றால்தான் அதற்கு நல்லது. மாட்யூலின் பாசிட்டிவை 5 வோல்ட்டிலும், நெகட்டிவை ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் கலெக்டரிலும், எமிட்டரை கிரவுண்டிலும் கொடுத்து, பேஸுக்கு 1 கிலோ ஓம் வழியாக ஆர்டுயினோ காலைக் கொடுங்கள்.

கண்ணைப் பற்றி. 5 மில்லிவாட் சிறியது என்று தோன்றும், ஆனால் கண் சிமிட்டும் கால் நொடி நம்மைக் காப்பாற்றும் என்ற கணக்கு 1 மில்லிவாட் வரைதான் செல்லும். கற்றையை முழங்கால் உயரத்தில் வைத்தேன். பிறகு தவழும் குழந்தைக்கு அது கண் உயரம் என்று உறைத்ததும் இடம் மாற்றி, கதவின் மேல் சட்டத்தையொட்டிச் சாய்வாக இறங்கும்படி, யாருடைய முகமும் நேராகப் படாத பக்கம் திருப்பினேன். எல்டிஆரை ஒரு கறுப்பு ஸ்ட்ராவுக்குள் ஐந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தேன். வெயில் அதில் விழாது, கற்றை அதைத் தாண்டிச் சுவரில் பட்டுத் தெறிக்கவும் செய்யாது. பழைய டிவிடி ரைட்டரை உடைத்து டயோடு எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது நூறு மில்லிவாட்டுக்கு மேல் கொடுக்கும், பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் டயோடும் இருக்கும். சரியான அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஐந்தாவது டயோடு ஏழு மாதமாக ஓடுகிறது. மாதம் ஒருமுறை 10 ஓமின் மேல் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன், 0.266 வோல்ட்.